இருபத்தோராவது நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருவில் நடந்திருப்பவர்கள், மாடிப்படி ஓரங்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்திருக்கும் வழக்கறிஞர் பெயர்ப்பலகைகளைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பலகை அளவோடு இருக்க வேண்டும், இன்ன துறையில் வல்லவர் என்று அதில் குறிக்கக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 36ஆம் விதி. விளம்பரத்துக்கு இடமில்லாத அந்தத் தொழிலில், வணிகச் சட்ட அலுவலகங்கள் எப்படி வளர்ந்தன என்பதே இன்றைய பேச்சு.

நான் இளையவனாகச் சேர்ந்த அலுவலகத்தில் ஒரு மூத்த குமாஸ்தா இருந்தார். கடன் பத்திரம் தட்டச்சாகி வந்ததும் அவர் மூலப்படியை வாய்விட்டுப் படிப்பார்; கமா, புல்ஸ்டாப் எல்லாவற்றையும் சேர்த்தே படிப்பார். நான் பிரதியில் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வர வேண்டும். ஒருநாள் அவர் ‘பிப்டீன்’ லட்சம் என்று படித்தார். என் பிரதியில் ‘பிப்டி’ என்றிருந்தது. காதுக்கு இரண்டும் ஒன்றாகவே பட, நானும் டிக் போட்டுவிட்டேன். கையெழுத்துக்கு முந்தைய மாலை அவரே அதைக் கண்டுபிடித்தார். அதன்பின் எந்தத் தொகையையும் ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லாமல் அவர் தாண்டியதில்லை. ஒரு கட்சிக்காரர் இன்னொருவரை அழைத்து வந்தது இத்தகைய வேலையைப் பார்த்துத்தான், பலகையைப் பார்த்தல்ல.

வேலை பெருகினால் ஆளும் பெருக வேண்டுமல்லவா? மும்பையின் கிராஃபோர்ட் பேய்லி 1830இலும், கல்கத்தாவின் ஃபாக்ஸ் அண்ட் மண்டல் 1896இலும், கேத்தான் 1911இலும் தொடங்கிய சட்ட நிறுவனங்கள். இவ்வளவு பழமை இருந்தும் நம் நிறுவனங்கள் நெடுங்காலம் சிறியனவாகவே இருந்ததற்குக் குடும்பப் பிடிப்பே காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. மறுபாதி, 20 என்ற எண். இருபது பேருக்கு மேல் கூட்டாகத் தொழில் நடத்தினால் அதைக் கம்பெனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்றது 1956ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். வழக்கறிஞர்களோ கம்பெனியாகித் தொழில் நடத்த இயலாது. ஆகவே எவ்வளவு திறமை இருந்தாலும் இருபத்தோராவது ஆளுக்குப் பங்குதாரர் நாற்காலி இல்லை. அவர் வெளியேறித் தனி அலுவலகம் வைத்தார். இருபது என்பதை மீண்டும் சொல்கிறேன், நினைவில் வையுங்கள். இங்கிலாந்து, சொலிசிட்டர் எனப்படும் தன் வழக்கறிஞர்களுக்கு இந்தத் தளையை 1967இலேயே நீக்கிவிட்டது. நமக்கு வழி திறந்தது, பங்குதாரர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்காத 2008ஆம் ஆண்டின் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டத்தால்.

1917இல் தொடங்கிய அமர்சந்த் மங்கள்தாஸ் என்ற சட்ட நிறுவனம் 2015இல் இரண்டு சகோதரர்களிடையே இரண்டாகப் பிரிந்தது. பங்குதாரர்கள் பங்காளிகளானார்கள் என்று எங்கள் வட்டத்தில் சொல்லிக்கொண்டோம். இன்று அவ்விரண்டிலுமே தனித்தனியாக நூற்றுக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. அவர்கள் இங்கே அலுவலகம் திறந்து தொழில் செய்யலாகாது என 2012இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியதையும், எப்போதாவது வந்து தம் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிச் செல்வதை மட்டும் 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றதையும் குறிப்பிட்டு நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம்.