அக்டோபர் வட்டி

(கும்பகோணத்தில் ஓய்வூதியர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தோழர்களே, வணக்கம்.

நவம்பர் மாதம். உயிர்வாழ் சான்றுக்கு விரல்ரேகை வைத்துவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருப்பவர்கள் பலர். இந்த வேளையில் ஒரு விஷயத்தை மனம்விட்டுப் பேச ஆசைப்படுகிறேன்.

அஞ்சலகச் சேமிப்புக் கவுன்டரில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் நான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004-இல் வந்தது. 15 லட்சமாக இருந்த உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 30 லட்சம் ஆனது; வட்டியும் 8.2 சதவீதம் ஆனது. அந்தக் கணக்கில் 10 லட்சம் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய். கைச்செலவுக்கு ஆகட்டும் என்றுதான் காலாண்டுக்கு ஒருமுறை தருகிறார்கள். ஆனால் கவுன்டரில் நான் அதிகம் கேட்டது, "சார், வட்டியை அப்படியே ஆர்டி-யில திருப்பிவிட்டுடுங்க" என்பதுதான். எழுபது வயதிலும் மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் ஆர்டி! யாருக்காக என்று கேட்டால் பதில் வராது.

சிக்கனத்தைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் தலைக்கு மேல் கூரை போட்டதும் அதுதான். இன்றும் உழவர் சந்தைக்கு நடந்தே போகிறேன். மருத்துவத்துக்கு ஒதுக்கியதைத் தொடவே கூடாது. விலைவாசி ஏறும், அசல் ஏறாது. ஆகவே வட்டியில் ஒரு பங்கு திரும்பச் சேமிப்புக்குப் போகத்தான் வேண்டும். முழுவதுமா?

என் அம்மாவிடம் ஒரு பட்டுப்புடவை இருந்தது. நல்ல நாளுக்கு ஆகும் என்று பீரோவிலேயே வைத்திருந்தாள். அவள் போன பிறகு பிரித்தோம். மடிப்புக்கு மடிப்பு இற்றுப்போய், ஜரிகை தனியாகக் கையோடு வந்தது. கட்டிக் கட்டிக் கிழிந்திருந்தால் எனக்கு அழுகை வந்திருக்காது.

மத்திய அரசு ஓய்வூதியருக்கு 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். மருந்துக்கு உதவும், மறுக்கவில்லை. முழங்காலைத் திருப்பித் தருமா?

எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான்கு வட்டியில் அக்டோபர் வட்டி எங்கள் இருவருக்கு. சென்ற மார்கழியில் உழவன் எக்ஸ்பிரஸில், ஏசி பெட்டியில் சென்னைக்குப் போனோம். மயிலாப்பூரில் நான்கு நாள் அறை. மதியக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. பகலெல்லாம் அவற்றைக் கேட்டோம்; மிச்சமான பணத்தில் ஒரு மாலைக் கச்சேரிக்கு முன்வரிசையிலேயே உட்கார்ந்தோம்.

முதல் நாள், சபா கேன்டீன். விலைப் பலகையைப் பார்த்த என் மனைவி, "ஒரு காபி வாங்கி ரெண்டு டம்ளர்ல ஊத்திக்கலாங்க" என்றாள். நாற்பது வருடப் பழக்கம். நான் இரண்டு காபி சொன்னேன். நுரை அடங்கும்வரை டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிதானமாக, முழுவதையும் குடித்தாள். மறுநாள் நான் வாய் திறப்பதற்குள் அவளே போய், "ரெண்டு காபி, ஒரு பாதாம் அல்வா" என்றாள்.

இந்த அக்டோபர் வட்டியும் வந்துவிட்டது. இந்த முறை ஆறு நாள் என்று சொல்லியிருக்கிறாள்.