ஆமை முட்டை எண்ணுற புள்ளை வீட்லயும் அடுப்பு எரியணும்

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்குற துறைத்தலைவர்கள், முன்னாடி உக்காந்திருக்குற செகண்ட் இயர், தேர்ட் இயர் பசங்க, உங்க எல்லாருக்கும்தான். எனக்கு 20 நிமிஷம் கொடுத்திருக்காங்க, நான் ஒரே விஷயம்தான் பேசப் போறேன். காசு, அதாவது காட்டையும் கடலையும் காப்பாத்த வர்ற மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளம். காடு, கடல், பறவைனு பேசுற இடத்துல இவன் என்ன காசைப் பத்திப் பேசுறான்னு சில பேருக்குத் தோணும், பரவாயில்ல.

நான் விலங்கியல் படிச்சப்போ சம்மர் லீவுக்கு ஒரு அமைப்புல இன்டர்ன்ஷிப் கிடைச்சுது, ரெண்டு மாசம், சம்பளம் கிடையாது, சர்டிபிகேட் தருவோம்னாங்க. 11 நாள்தான் போனேன். எங்கப்பா கொத்தனார், லீவுக்கு வீட்டுக்கு வர்ற பையன் நாலு காசு கொண்டு வருவான்னு எதிர்பார்ப்பாங்க, நான் என்னடான்னா தினம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அம்மாகிட்ட கை நீட்டுறேன். 12-வது நாள் ஜவுளிக்கடையில துணி மடிச்சுக்கிட்டு நின்னேன். 'அவனுக்கு ஆர்வம் பத்தல'ன்னு அங்க இருந்த பொறுப்பாளர் சொன்னாராம். அந்த வார்த்தை இன்னைக்கும் நெஞ்சுல முள்ளா நிக்குது.

ஆர்வம்னா என்னன்னு சென்னைக் கடற்கரையில பாருங்க. 1988-ல இருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரி மணல்ல நடந்து பங்குனி ஆமைங்கிற கடல் ஆமையோட முட்டைகளைக் காப்பாத்துறாங்க. ஆமை ஏறி வந்த தடத்தைப் பார்த்து, மணல்ல கம்பைக் குத்தி, எங்க பொதபொதன்னு இறங்குதோ அங்க கையால தோண்டணும், ஒண்ணரை அடி ஆழம், குப்புறப் படுத்துத்தான் கை எட்டும். பிங்பாங் பந்து மாதிரி வெள்ளையா முட்டை வரும், நூறுக்கு மேலயும் இருக்கும், எண்ணிப் பையில வெச்சுக் குஞ்சு பொரிப்பகத்துல அதே ஆழத்துக்குக் குழி எடுத்துப் புதைக்கணும். சம்பளம் வாங்காம இதைச் செஞ்சவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா ராத்திரி முழிச்சுட்டுக் காலையில வேலைக்கு ஓட வேண்டிய புள்ளையால எத்தனை நாள் வர முடியும்?

இன்னொண்ணு சொல்றேன், நம்ம கிழக்குக் கடற்கரையில விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்காகத்தான் அந்தத் தடை. உங்க சம்மர் லீவும் அப்பத்தான் வருது. அதாவது விசைப்படகு மீனவர் வீட்டுல வருமானம் நிக்குற அதே மாசத்துல அந்த வீட்டுப் புள்ளையைக் கூப்பிட்டு, சும்மா வந்து கடலைக் காப்பாத்துன்னு சொல்றோம். எப்படி வரும்?

1933-ல அமெரிக்காவுல பெரும் பொருளாதார நெருக்கடி, அதிபர் ரூஸ்வெல்ட் வேலையில்லாத இளைஞர்களை மரம் நடவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அனுப்புனாரு. மாசம் 30 டாலர், அதுல 25 டாலர் நேரா வீட்டுக்குப் போயிடும். 1942-க்குள்ள ஏறக்குறைய 30 லட்சம் பேர் வேலை செஞ்சு 300 கோடிக்கு மேல மரம் நட்டாங்க. அந்த 25 டாலரை யோசிச்சுப் பாருங்க, பையனை அனுப்புன வீட்ல சோறு வெந்துச்சு, அதனாலதான் பையன் காட்டுல நிம்மதியா நின்னான். அதை முன்மாதிரியா வெச்சு 1955-ல எலிசபெத் குஷ்மன்னு ஒரு காலேஜ் மாணவி, மாணவர்களையும் இப்படி வேலைக்கு அனுப்பலாம்னு தீசிஸ் எழுதுனாங்க, 1957-ல மாணவர்களே தேசியப் பூங்காக்கள்ல வேலைக்கு இறங்கிட்டாங்க.

போன சீசன் எங்க டீம்ல மாசம் 6,000 ரூபா கொடுத்து ஒரு மீனவர் வீட்டுப் பொண்ணைச் சேர்த்தோம். கரை ஒதுங்குன செத்த ஆமையை நாங்க டேப் வெச்சு அளந்துக்கிட்டு இருக்கோம், அந்தப் பொண்ணு ஆமையோட துடுப்புக் காலைத் தூக்கிப் பார்த்துட்டு, 'சார், இது இழுவலை இல்ல, தங்கூசி வலை, சுத்துன தடம் பாருங்க'ன்னுச்சு. தங்கூசின்னா மெல்லிசான நைலான் இழையில பின்னுன வலை. எம்எஸ்சி முடிச்ச நாங்க மூணு பேரும் அதைக் கவனிக்கவே இல்ல.

துறைத்தலைவர்கள்கிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த ப்ராஜெக்டுக்கு பட்ஜெட் போடும்போது கேமராவுக்கு முன்னாடி மாணவர் ஊதியத்தை எழுதுங்க. அதையும் மாச முதல் வாரமே கையில கொடுத்துடுங்க. பில்லைக் கொண்டா, அப்புறம் தர்றோம்னு மட்டும் சொல்லாதீங்க, பஸ் டிக்கெட்டுக்கு அன்னைக்குக் காலையிலயே காசு வேணும்.