முடிச்சை அவிழ்க்காதீர்கள், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, ‘கடலில் வேகத்தைச் சொல்ல நாட் என்ற அலகு நீடிக்க வேண்டுமா, கிலோமீட்டருக்கு மாற வேண்டுமா’ என்பது தலைப்பு. உலகமே மெட்ரிக்குக்கு மாறிவிட்டது, இவர்கள் இன்னும் கயிற்றில் முடிச்சு எண்ணுகிறார்கள் என்று எதிரணி நண்பர் கிண்டலடித்துக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

சரி, அந்தக் கயிற்றுக்கே வருவோம். நாட் என்றால் முடிச்சுதான். நம் ஊரில் மூன்று முடிச்சு விழுந்ததும் ஆளின் வேகம் குறையும், கப்பலில் முடிச்சு ஏற ஏறத்தான் வேகம். பழைய பாய்மரக் கப்பலில் கால்வட்ட வடிவில் ஒரு பலகை இருக்கும். வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பார்கள், அப்போதுதான் அது தண்ணீரில் நிமிர்ந்து நின்று, கப்பலோடு இழுபடாமல் போட்ட இடத்திலேயே கிடக்கும். அதைப் பின்பக்கமாக வீசிவிட்டு ஒருவர் மணல் கடிகாரத்தைக் கவிழ்க்க, இன்னொருவர் அந்தப் பலகையில் கட்டி, தன் கைவழியே ஓடும் கயிற்றில் எத்தனை முடிச்சு போகிறது என்று எண்ணுவார். மணல் 28 வினாடியில் தீரும், முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். என்ன கோணல் கணக்கு என்கிறீர்களா? வகுத்துப் பாருங்கள், மணிக்கு ஒரு கடல் மைல் என்று அச்சாக வந்து நிற்கும். (மணிக்கு 20 நாட், மணிக்கு 20 நாட் என்றாரே நண்பர், அந்த ‘மணிக்கு’ நாட் என்பதற்குள்ளேயே இருக்கிறது ஐயா!)

எதிரணி தொடாமல் நழுவிய இடம் இந்தக் கடல் மைல்தான். 1929இல் மொனாக்கோ மாநாட்டில் அதை 1,852 மீட்டர் என்று வரையறுத்தார்கள். எந்த மன்னரின் காலடியையும் வைத்து அளந்ததல்ல அது. அட்சரேகையில் ஒரு டிகிரியை 60 ஆகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு நிமிடத்தின் நீளம். 12 நாட் வேகத்தில் நேர் வடக்கே 5 மணி நேரம் போனால் 60 கடல் மைல், அதாவது ஏறத்தாழ ஒரு டிகிரி, முடிந்தது கணக்கு. மாலுமி டிவைடரை விரித்து வரைபடத்தில் அட்சரேகை குறித்திருக்கும் பக்கவாட்டு ஓரத்தில் வைத்தாலே தூரம் தெரிந்துவிடும். கிலோமீட்டர் என்றால் டிகிரிக்கு 111 சொச்சத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

கரையில் இருப்பவர்களுக்குப் புயல் காற்றைக் கிலோமீட்டரிலேயே சொல்லுங்கள், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் விமானிகளும் நாட்தான் சொல்கிறார்கள், அவர்கள் எந்தக் கயிற்றை வீசினார்கள்? சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியில் நாட் ‘தற்காலிக’ அனுமதிதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது எப்போது முடியும் என்று தேதி குறிக்கவில்லை. எதிரணி முதலில் அங்கே போய் ஒரு தேதி வாங்கிவரட்டும், நடுவர் அவர்களே.