தன் கடன், என் கடன்

அன்பர்களே,

ஒரே வாயிலிருந்து வந்த இரண்டு பாட்டுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" என்பது ஒன்று. பல்லவ மன்னனின் அமைச்சர்கள் வந்து அழைத்தபோது அப்பர் என்றும் அழைக்கப்படும் சிவனடியார் திருநாவுக்கரசர் கொடுத்த பதில் அது. "குலம்பொல்லேன் குணம்பொல்லேன் குறியும் பொல்லேன்" என்பது இன்னொன்று. "என்செய்வான் தோன்றினேன்" என்று அது முடியும். எதற்காகத்தான் பிறந்தேனோ என்ற அழுகை. அரசனுக்கே அடங்காதவர் ஏன் இப்படி அழுகிறார்?

நாம் அந்தந்த நேரத்துக்கு ஏற்ப இதில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறோம். நாலு பேர் மதித்தால் முதல் பாட்டு. யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று இரண்டாவது. இரண்டு நேரத்திலும் நம் கண் பக்கத்து ஆளின் மேல்தான். அவரைவிட நான் மேலா, கீழா? இந்தக் கணக்கு ஓய்வதே இல்லை. நாவுக்கரசர் அரசனுக்குப் பதில் சொன்னபோதும் சரி, அழுதபோதும் சரி, சிவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் மேலக்கடம்பூர் இருக்கிறது. அந்தத் தலத்தைப் பாடும்போதுதான் "என்கடன் பணிசெய்து கிடப்பதே" என்றார். இந்த அடியை எல்லோரும் சொல்கிறோம். இதற்கு முந்தின அடியை விட்டுவிடுகிறோம், அதுதான் எனக்கு வருத்தம். "தன்கடன் அடியேனையும் தாங்குதல்." என்னைத் தாங்குவது அவன் கடன்! எவ்வளவு உரிமையான பேச்சு பாருங்கள். அந்த உரிமையோடுதான் அவர் உழவாரம் என்ற செதுக்குக் கருவியை எடுத்துக்கொண்டு கோயில் முற்றத்தில் புல் செதுக்கப் போனார். தாங்க ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தவருக்குத் தன்னை உயர்த்திக் காட்டவும் வேண்டாம், ஒளித்துக்கொள்ளவும் வேண்டாம். வேலையைப் பார்க்கலாம்.

திருப்பூந்துருத்தியில் நடந்ததைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வார். ஞானசம்பந்தர் பாண்டிநாட்டிலிருந்து முத்துச் சிவிகையில், அதாவது பல்லக்கில், வருகிறார். வயதில் சிறு பிள்ளை. நாவுக்கரசரோ முதியவர், நாடறிந்தவர். எதிர்கொள்ளப் போனவர் கூட்டத்துக்குள் புகுந்து, சிவிகை சுமப்பவர்களோடு தோள் கொடுத்துவிட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஊரை நெருங்கியதும் பிள்ளை கேட்கிறார், "அப்பர் எங்கே?" கீழேயிருந்து பதில் வருகிறது: "ஒப்பரிய தவம் செய்தேன், ஆதலினால் உம் அடிகளைத் தாங்கிவரப் பெற்று உய்ந்தேன்." பதறிப்போய்ப் பிள்ளை இறங்கி வணங்க வருகிறார். அதற்குள் அப்பர் வணங்கிவிடுகிறார்.

தன்னைத் தாழ்த்திக்கொண்டதாக அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, கவனியுங்கள். தவத்தின் பயன் கிடைத்துவிட்டது என்று பூரிக்கிறார். தாழ்வு மனப்பான்மை உள்ளவரால் அந்தச் சிவிகையைச் சுமந்திருக்க முடியும், ஆனால் உள்ளே வெந்துகொண்டே சுமந்திருப்பார். செருக்கு உள்ளவர் பக்கத்திலேயே போயிருக்க மாட்டார்.

அப்புறம் திருப்புகலூர். அவர் உழவாரம் போட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னின. பருக்கைக் கல்லோடு சேர்த்து அவற்றையும் அள்ளிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

இன்றும் பல ஊர்க் கோயில்களில் உழவாரப்பணி நடக்கிறது. "எனக்குப் பாட வராது, சாத்திரம் தெரியாது, நான் வந்து என்ன செய்ய?" என்று தயங்கும் அன்பர்கள் தயவுசெய்து வாருங்கள். அங்கே புல் செதுக்க ஆள் தேவைப்படுகிறது.