பத்து வாக்கிட்டா போதுமா?

வணக்கம் மக்களே. வாக்கிட்டாங்குற கடல் பாலூட்டி பத்திப் பேசினாலே நிறைய பேர் கேக்குறது இதைத்தான்: "மிச்சம் இருக்குறதே பத்துதான். அதுங்களே ஒண்ணுக்குள்ள ஒண்ணு சேர்ந்து குட்டி போட்டா நோஞ்சானாத்தானே பொறக்கும்? எப்படியும் அழியப்போறதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" இல்லைங்க, அப்படி விட்டுட முடியாது. ஏன்னு சொல்றேன்.

வாக்கிட்டா டால்பினுக்குச் சொந்தக்கார இனம். ஒன்றரை மீட்டர்தான் இருக்கும், கண்ணைச் சுத்தி மை தீட்டின மாதிரி கறுப்பு வளையம். மெக்சிகோவுல, கலிஃபோர்னியா வளைகுடாவோட வடகோடியை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. 1997ல கிட்டத்தட்ட 570 இருந்துச்சு. 2024 கணக்கெடுப்புல கண்ணுல பட்டது ஆறுலேர்ந்து எட்டு.

2022ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. 1985லேர்ந்து 2017 வரைக்கும் எடுத்து வச்சிருந்த 20 வாக்கிட்டாவோட திசுவுல முழு ஜீனோமையும், அதாவது மொத்த மரபணுத் தொகுப்பையும் படிச்சிருக்காங்க. மரபணு வேறுபாடு ரொம்பக் கம்மி, உண்மைதான். ஆனா அது இப்ப வந்த குறை இல்ல. ரெண்டரை லட்சம் வருஷமாவே இந்த இனம் சில ஆயிரங்களைத் தாண்டாமத்தான் வாழ்ந்திருக்கு.

இதுல ஒரு நல்லது நடந்திருக்கு. கெட்ட மரபணு மாற்றம் பெரும்பாலும் ஒளிஞ்சேதான் இருக்கும். அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தாத்தான் குட்டியைப் பாதிக்கும். கூட்டம் பெருசா இருந்தா அது பல தலைமுறைக்கு அப்படியே ஒளிஞ்சிருக்கும். சின்னக் கூட்டத்துல ரெண்டு பக்கமும் அடிக்கடி சேர்ந்துடும், அந்தக் குட்டி தங்காது, அந்த மாற்றமும் அதோட போயிடும். இப்படியே லட்சக்கணக்கான வருஷம் சலிச்சு எடுத்ததால வாக்கிட்டாகிட்ட அந்தச் சுமை கம்மி.

பத்து உருப்படிலேர்ந்து ஆரம்பிச்சா இந்த இனம் என்ன ஆகும்னு அந்த ஆய்வுல கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தாங்க. வலையில மாட்டிச் சாகுறது முழுசா நின்னா, அம்பது வருஷத்துல அழியுற வாய்ப்பு 6 சதவீதம்தான். அந்தச் சாவு 90 சதவீதம் குறைஞ்சா 27. 80 சதவீதம்தான் குறைஞ்சதுன்னா 62! அந்தப் பத்து சதவீதத்துக்கு எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க.

எந்த வலை? செவுள் வலை, அதாவது தண்ணிக்குள்ள சுவர் மாதிரி நின்னு மீனைக் கண்ணியில சிக்க வைக்கிற வலை. அதை டோட்டாபா மீனுக்கு விரிக்கிறாங்க. நம்ம ஊர் கூறல், கத்தாளை குடும்பத்து மீன்தான். அதோட நெட்டிக்கு, அதாவது உடம்புக்குள்ள இருக்குற காத்துப்பைக்கு, சீனாவுல கொள்ளை விலை. டோட்டாபா பிடிக்கத் தடை இருக்கு, ஆனாலும் கள்ளத்தனமா நடக்குது. டோட்டாபாவும் வாக்கிட்டாவும் ஏறக்குறைய ஒரே பருமன், அதனால அந்தக் கண்ணியில இதுவும் சிக்கிக்குது. மூச்சு விட மேல வர முடியாம தண்ணிக்குள்ளேயே செத்துப்போகுது.

2017ல பிடிச்சுப் பாதுகாக்கலாம்னு பார்த்தாங்க. பிடிச்ச ஒரு பெண் வாக்கிட்டா செத்துப்போச்சு, அந்த முயற்சியையே கைவிட்டாங்க. ஆக, கடல்லயே காப்பாத்தியாகணும். 2022ல மெக்சிகோ கடற்படை கொக்கி வச்ச 193 கான்கிரீட் கட்டைகளைக் கடலுக்கடியில இறக்குச்சு. வலை போட்டா கொக்கியில மாட்டிக் கிழியும். 2023ல அங்க குட்டியோட வாக்கிட்டாவைப் பார்த்திருக்காங்க, எனக்கு அவ்வளவு சந்தோஷம்! ஆனா கட்டை இல்லாத இடத்துக்கும் வாக்கிட்டா போகுதே. அங்கயும் செவுள் வலை நிக்கணும். அந்தக் கரையில இருக்குற சான் ஃபெலிப்பே ஊர் மீனவங்களுக்கு வேற வலையும், அதுக்கு ஈடான வருமானமும் மெக்சிகோ அரசாங்கம் கொடுத்தே ஆகணும்.