வேட்டைக்காரனுக்கு எத்தனை துப்பாக்கி வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

வேட்டைக் கதை என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பித்து. நான் வேட்டைக்குப் போனவன் அல்ல. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அது நல்லதுதான். ஆனால் பழைய வேட்டைக்காரர்கள் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: ஓர் ஆளுக்கு எத்தனை துப்பாக்கி வேண்டும்? மகாராஜாக்கள் அறை நிறைய அடுக்கி வைத்திருந்தார்கள். காட்டிலேயே கிடந்தவர்களுக்கு ஒன்றோ இரண்டோ போதுமானதாக இருந்தது. நான் இந்தக் கட்சி.

துப்பாக்கிப் பெயரோடு புள்ளி 275, புள்ளி 500 என்று ஓர் எண் வருமே, அது குழலின் வாயளவு, அங்குலக் கணக்கில். புள்ளி 500 என்றால் அரை அங்குலம். ஒன்றின் தோட்டா இன்னொன்றுக்குச் சேராது. ஐந்து துப்பாக்கி இருந்தால் ஐந்து வகைத் தோட்டா சுமக்க வேண்டும். அவசரத்தில் பையைத் துழாவினால் எது கையில் வரும், சொல்லுங்கள்.

தோட்டா என்றதும் ஜிம் கார்பெட் ஞாபகம் வருகிறது, ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் பேர் வாங்கியவர். 1907, இமயமலைப் பக்கம் குமாவுனில் சம்பாவத் என்ற ஊர். நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கில் உள்ள பெண்புலி. சுமார் முந்நூறு பேர் மலையுச்சியில் நின்று கூச்சல் போட்டு அதைக் கலைக்கிறார்கள். கார்பெட் கையில் புள்ளி 500 ரைபிள், மூன்றே தோட்டா. புலிக்கு இரண்டு, அவசரத்துக்கு ஒன்று என்று கணக்கு. மூன்றும் தீர்ந்தது, புலி விழவில்லை! ஓடிப்போய், கூட வந்திருந்த தாசில்தார் அதற்கு முன் சுட்ட துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார். புலிக்குக் கிட்டே வந்த பிறகுதான் பார்க்கிறார், குழலுக்கும் அதன் பின்பக்கத்தை அடைக்கும் கட்டைக்கும் நடுவே கால் அங்குலத்துக்கும் மேல் இடைவெளி! தாசில்தார் சுட்டபோது வெடித்துச் சிதறவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, திறந்த வாய்க்குக் குறி வைத்துச் சுடுகிறார். குண்டு பட்டது வலது முன்னங்காலில். பிறகு அதை நகத்தாலேயே கிள்ளி எடுத்ததாக எழுதியிருக்கிறார். புலி ஏற்கெனவே முதல் காயங்களால் உயிர் போகும் நிலையில் இருந்தது. அதுதான் அவரைக் காப்பாற்றியது.

அங்கே இன்னும் நாலு துப்பாக்கி இருந்து என்ன பயன்? இன்னும் நாலு தோட்டா இருந்திருக்க வேண்டும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஒன்றை வைத்துக்கொள், அதற்கு வேண்டிய தோட்டாவை வைத்துக்கொள்.

நம் பக்கத்து வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன். பெங்களூரில் இருந்துகொண்டு சேலம், தருமபுரிக் காடுகள் வரை வந்தவர். புள்ளி 405 வின்செஸ்டர் ரைபிள் ஒன்றைத்தான் பெரும்பாலும் நம்பியிருந்தார். ஒவ்வொரு தடவை சுட்டதும் விசையைச் சுற்றியுள்ள நெம்புகோலைக் கீழே இறக்கி மேலே ஏற்ற வேண்டும், அப்போதுதான் அடுத்த தோட்டா உள்ளே போகும். இருட்டில், மரத்தில் கட்டிய பரணில், நடுங்கும் கை தானாக அதைச் செய்ய வேண்டுமே. வாரத்துக்கு ஒரு துப்பாக்கி மாற்றுகிறவனுக்கு அது வருமா?

ஆப்பிரிக்காவில் கரமோஜோ பெல் என்றொரு ஸ்காட்லாந்துக்காரர். தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். கேட்கவே கசப்பாக இருக்கிறது, ஆனால் நடந்தது. பெரும்பாலானவற்றைச் சுட்டது புள்ளி 275, மான் சுடுகிற அளவு ரைபிளால். யானை மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்திருந்தார். அந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லோருக்கும் வராது. அதனால்தான் என் கணக்கில் இரண்டாவது துப்பாக்கிக்கும் இடமுண்டு: கனமான இரட்டைக்குழல். முதல் குண்டு தவறினால் அடுத்தது அந்த நொடியே தயார். கார்பெட்டும் இப்படித்தான். சம்பாவத் புலியைக் கொன்றதற்குப் பரிசாகக் கிடைத்த புள்ளி 275 ரிக்பி ரைபிள் ஒன்று, பிற்காலத்தில் ஓர் இரட்டைக்குழல்.

பயிர் காக்கும் நாட்டுத்துப்பாக்கி பற்றியும் பேச நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ஒருவர் மூன்று வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை 2019-ல் இரண்டாகக் குறைத்தார்கள். மசோதாவில் முதலில் ஒன்று என்றுதான் இருந்தது, எதிர்ப்பு வரவே இரண்டாயிற்று. துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்களுக்குத் தனி விதி. சரி, நேரம் ஆகிவிட்டது, வணக்கம்.