எந்த ஔவை?

வணக்கம் நேயர்களே.

எங்கள் தெருச் சிறுமி ஒருத்தி மாறுவேடப் போட்டிக்கு ஔவையாராகக் கிளம்பினாள். தலையில் பஞ்சு, நெற்றி நிறையத் திருநீறு, கையில் தாத்தாவின் கைத்தடி. மேடையேறி ‘அறம் செய விரும்பு’ என்றாள். அதியமான் தந்த நெல்லிக்கனியைத் தின்றதையும் சொன்னாள். ஒரே கைதட்டல். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே பல நூறு ஆண்டுகள் கிடக்கின்றன.

நெல்லிக்கனி வாங்கியவர் சங்கப் புலவர். இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் நண்பர். ஆத்திசூடி பாடியவர் வெகுகாலம் பிந்தியவர். முருகனிடம் ‘சுட்ட பழமா, சுடாத பழமா’ என்று மாட்டிக்கொண்ட பாட்டியோ செவிவழிக் கதையில் வாழ்பவர். பெயர் மட்டும் ஒன்று.

ஔவை என்றால் தாய், மூதாட்டி. தெலுங்கில் இன்றும் பாட்டியை ‘அவ்வா’ என்கிறார்கள். அதனால் சங்கப் புலவருக்கும் நாமே நரை போட்டுவிட்டோம். புறநானூற்றின் 89-ஆம் பாட்டைப் பாருங்கள். ‘மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் கொண்ட விறலியே, உங்கள் நாட்டில் போரிட ஆள் உண்டா?’ என்று பகைவேந்தன் இவரைக் கேட்கிறான். கோலூன்றிய கிழவியிடம் இப்படியா பேசுவான்?

அதியமான் இறந்தபின் பாடியது 235-ஆம் பாட்டு. ‘சிறியகள் பெறினே எமக்கீயும் மன்னே’ என்று தொடங்கும். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நான் பாட, அவனும் மகிழ்ந்து குடிப்பான். அதெல்லாம் போயிற்றே என்று அழுகிறார். சரி, இதை மாறுவேடப் போட்டியில் சொல்ல முடியுமா!

1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நடித்தார். அப்புறம் வேறு முகமே நமக்குத் தோன்றுவதில்லை. அதற்கு முன்பே நாடக மேடையில் ஔவையாக நின்றவர் ஓர் ஆண், டி.கே.சண்முகம். வேடம் அவ்வளவு பொருந்தியதால் ‘அவ்வை சண்முகம்’ என்றே ஆகிவிட்டார். 1996-இல் கமல்ஹாசன் மாமி வேடம் கட்டிய படத்துக்குப் பெயர் ‘அவ்வை சண்முகி’.

சென்னையில் லாயிட்ஸ் சாலைக்கு அவ்வை சண்முகம் சாலை என்று பெயர் மாற்றினார்கள். போன மாதம் ஆட்டோவில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, “லாயிட்ஸ் ரோடுதானே சார்?” என்றார்.